மனநோயா, சமூக அழுத்தமா: ரஷ்யச் செவ்வியல் புனைகதைகளின் வேதனை பற்றி

ரஷ்யச் செவ்வியல் நாவல்களில் வரும் மனிதர்கள் ஏன் இவ்வளவு மனவேதனைக்கு ஆளாகிறார்கள், தஸ்தயெவ்ஸ்கியின் ரஸ்கோல்னிகோவையும் டால்ஸ்டாயின் அன்னா கரீனினாவையும் மனநோய் கண்டவர்களாகப் படிப்பதா அல்லது சமூகத்துக்குப் பலியானவர்களாகப் படிப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்த உடனேயே அந்த நாவல்களில் பாதியை இழந்துவிடுகிறோம் என்பது என் எண்ணம். வெளியே பதவிப் பட்டியலாகவும் கடன்பத்திரமாகவும் திருமணச் சட்டமாகவும் ஊரார் பார்வையாகவும் இருக்கும் அழுத்தம், ஒரு மனிதனுக்குள் புகுந்து அவனுடைய சொந்தக் குரலாகவே பேசத் தொடங்கும் விதத்தைத்தான் கோகோல் முதல் செகாவ் வரையிலான எழுத்தாளர்கள் திரும்பத் திரும்ப எழுதினார்கள். தன்னை அவமதித்தவர்களின் கண்களாலேயே அவன் தன்னைப் பார்க்கிறான். மதிப்பையும் அவர்களிடமிருந்தே எதிர்பார்க்கிறான். அவனுடைய வேதனையின் ஊற்று அங்கே இருக்கிறது.

இதற்கு மாறாக வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம் ‘ரஷ்ய ஆன்மா’ என்பது. பிரெஞ்சுத் தூதரகப் பணியில் அன்றைய ரஷ்யத் தலைநகரான பீட்டர்ஸ்பர்க்கில் இருந்த மெல்கியோர் தெ வோகுயே, ரஷ்ய நாவலைப் பற்றி 1886இல் வெளியிட்ட நூல் மேற்கு ஐரோப்பாவில் பெரும் செல்வாக்குப் பெற்றது. துன்பத்தில் தோய்ந்த, ஆழம் காண முடியாத ஓர் ஆன்மா அந்த மக்களுக்கு இயல்பிலேயே வாய்த்திருக்கிறது என்ற எண்ணம் பரவியதில் அந்த நூலுக்குப் பங்கு உண்டு. எனக்கு இந்த விளக்கம் ஏற்புடையதாக இல்லை. கதைகளைத் திறந்தால் ஆன்மாவுக்கு முன்னால் வருவது ரூபிள், கோபெக் என்ற காசுக் கணக்கும், யார் எந்தப் படியில் இருக்கிறார் என்ற கணக்கும், யாருடைய காகிதம் யார் கையில் இருக்கிறது என்ற செய்தியும்தான். அந்த எழுத்தாளர்கள் இவற்றை அவ்வளவு துல்லியமாகக் குறித்து வைத்ததற்குக் காரணம் உண்டு.

பதவிப் பட்டியலிலிருந்து தொடங்கலாம். ரஷ்யப் பேரரசர் மகா பீட்டர் 1722இல் கொண்டுவந்த தரவரிசைப் பட்டியல் படைத்துறையிலும் அரசு அலுவலகங்களிலும் அரசவையிலும் இருந்தவர்களை 14 படிகளில் நிறுத்தியது. ஒருவரை எந்த மரியாதைச் சொல்லால் விளிக்க வேண்டும் என்பதைக்கூட அந்தப் படியே தீர்மானித்தது. அரசுப் பணியில் எட்டாம் படியை எட்டியவருக்குப் பரம்பரைப் பிரபுத்துவம் கிடைத்தது. 1845இல்தான் அந்த வாசல் ஐந்தாம் படிக்கு உயர்த்தப்பட்டது. ஆகவே ஒன்பதாம் படியில் நின்றுபோனவர், பிள்ளைகளுக்கு எதையும் விட்டுச்செல்ல முடியாமல், வாசலுக்கு வெளியே வாழ்நாள் முழுவதும் காத்திருக்கும் மனிதர். கோகோலின் ‘மேல்கோட்டு’ கதையில் வரும் அக்காக்கி அக்காக்கியேவிச், அவருடைய ‘பைத்தியக்காரனின் குறிப்புகள்’ கதையின் போப்ரிஷின், தஸ்தயெவ்ஸ்கியின் ‘இரட்டையர்’ நாவலின் கொலியாத்கின், ‘குற்றமும் தண்டனையும்’ நாவலின் மர்மெலாதோவ் ஆகிய நால்வரும் இந்த ஒன்பதாம் படிக்காரர்கள். இது தற்செயலாக இருக்க முடியாது.

1842இல் வெளிவந்த ‘மேல்கோட்டு’ கதையில் அக்காக்கியின் ஆண்டுச் சம்பளம் 400 ரூபிள். பீட்டர்ஸ்பர்க் குளிருக்குப் பழைய கோட்டு இனித் தாங்காது. புதிதாகத் தைக்க 80 ரூபிள் வேண்டும். அதற்காக அவர் மாலைத் தேநீரை விடுகிறார், மெழுகுவத்தி ஏற்றாமல் இருட்டில் இருக்கிறார், காலணியின் அடித்தோல் தேயாமலிருக்கத் தெருவில் நுனிக்காலில் நடக்கிறார். அணிந்த முதல் நாள் இரவே கோட்டு பறிபோகிறது. உதவி கேட்டு ஒரு ‘முக்கியப் புள்ளி’யிடம் போகும்போது, யாரிடம் பேசுகிறாய் என்று தெரியுமா என்ற அதட்டலில் அக்காக்கி நிலைகுலைந்து, காய்ச்சலில் விழுந்து இறக்கிறார். இந்தக் காட்சியில் கோகோல் சேர்க்கும் ஒரு விவரத்தைப் பலர் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள். அந்த முக்கியப் புள்ளி உள்ளத்தில் நல்லவர். ஆனால் பதவி கிடைப்பதற்கு ஒரு வாரம் முன்பே கண்ணாடி முன் நின்று அதட்டும் குரலைப் பழகிப் பார்த்தவர். அதட்டுகிறவரும் தமக்கு மேலே இருக்கும் ஏதோ ஒன்றுக்கு அஞ்சியே தம் முகத்தை அப்படி அமைத்துக்கொள்கிறார்.

போப்ரிஷினின் கதையில் இது இன்னும் ஒரு படி உள்ளே செல்கிறது. அலுவலகத்தில் இயக்குநருக்கு இறகுப்பேனா சீவிக்கொடுப்பது அவனுடைய வேலை. இயக்குநரின் மகள்மீது அவனுக்கு ஆசை. நாற்பதைக் கடந்தவன், கையில் ஒரு காசு இல்லாதவன் என்று பிரிவுத் தலைவர் அவனை ஏளனம் செய்கிறார். தான் ஏன் ஒன்பதாம் படிக்காரனாக இருக்க வேண்டும், ஒருவேளை தான் ஒரு பிரபுவாகவோ தளபதியாகவோ இருக்கலாமே என்று அவன் கேட்கத் தொடங்குகிறான். கடைசியில் ஸ்பெயின் நாட்டின் மன்னன் தானே என்று முடிவு செய்கிறான். அவனுடைய பைத்தியம் முழுவதும் பதவிப் பட்டியலின் மொழியில்தான் பேசுகிறது என்பதை நினைத்துப் பாருங்கள். பட்டியலே இல்லாத ஓர் உலகத்தை அவனால் கற்பனை செய்ய முடியவில்லை. அதன் உச்சியில் தன்னை வைத்துக்கொள்ள மட்டுமே முடிகிறது.

‘இரட்டையர்’ 1846இல் வெளிவந்த பிறகு, அன்றைய ரஷ்யாவின் முதன்மை விமர்சகரான பெலின்ஸ்கி ஏறக்குறைய உங்கள் கேள்வியையே எழுப்பினார். இத்தகைய விசித்திரங்களுக்கு இக்காலத்தில் பைத்தியக்கார விடுதியில்தான் இடம், இது மருத்துவர்களின் வேலை, கவிஞர்களின் வேலை அல்ல என்ற பொருளில் அவர் எழுதினார். பெலின்ஸ்கியின்மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு என்றாலும், இந்த இடத்தில் அவர் தவறவிட்டது பெரிது என்றே நினைக்கிறேன். கொலியாத்கினின் இரட்டை உருவம் முதன்முதலில் எங்கே தோன்றுகிறது என்று பாருங்கள். முதல் அத்தியாயத்தில், தகுதிக்கு மீறி வாடகைக்கு அமர்த்திய வண்டியில் போய்க்கொண்டிருக்கும்போது தன் மேலதிகாரியின் வண்டி பக்கத்தில் வருகிறது. வணக்கம் சொல்வதா, ஒளிந்துகொள்வதா என்று தவிக்கும் கொலியாத்கினுக்கு ஓர் எண்ணம் வருகிறது: இது நான் இல்லை, என்னைப் போலவே இருக்கும் வேறு யாரோ என்று பாவனை செய்துவிட்டால் என்ன? அதற்குப் பிறகு, அழைப்பில்லாமல் நுழைந்த ஒரு பிறந்தநாள் விருந்திலிருந்து வெளியே தள்ளப்பட்ட இரவில்தான், பனிமழைக்கிடையில், ஃபோன்டாங்கா ஆற்றங்கரையில் அந்த ‘வேறு யாரோ’ நேரில் வருகிறான். நோய்க்குறி அத்தனையும் உண்மையானது. கடைசியில் கொலியாத்கின் வண்டியில் ஏற்றிக்கொண்டு போகப்படுவது மனநோய் விடுதிக்குத்தான். ஆனால் அந்த மனம் பிளந்த கோடு எங்கே ஓடுகிறது என்றால், மேலதிகாரியின் பார்வைக்கு முன்னால் ஒரு சிறிய எழுத்தர் கூசிக் குறுகிய அதே இடத்தில் ஓடுகிறது.

அதே ஆண்டில் வந்த தஸ்தயெவ்ஸ்கியின் ‘ஏழை மக்கள்’ நாவலைப் பெலின்ஸ்கி கொண்டாடினார். அதில் வயது முதிர்ந்த எழுத்தரான மக்கார் தேவுஷ்கின், தேநீரைக்கூட மற்றவர்களுக்காகவே குடிக்கிறோம், காலணியும் மேல்கோட்டும் மற்றவர்களுக்காகவே அணிகிறோம் என்று தாம் நேசிக்கும் வர்வாராவுக்குக் கடிதம் எழுதுகிறார். கோகோலின் ‘மேல்கோட்டு’ கதையைப் படித்ததும் அவருக்கு ஆத்திரம் வருகிறது. தன் வறுமையை யாரோ கதவிடுக்கு வழியாகப் பார்த்து ஊருக்கெல்லாம் காட்டிவிட்டதாக அவர் உணர்கிறார். ஏழைக்கு இலக்கியத்தின் இரக்கமும் ஓர் அவமானமாகவே வந்து சேரக்கூடும் என்பதை 24 வயதில் வெளியிட்ட முதல் நாவலிலேயே தஸ்தயெவ்ஸ்கி கண்டுகொண்டது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. பின்னர் தேவுஷ்கின் உயரதிகாரியின் முன் நிற்கும்போது சீருடையிலிருந்து பொத்தான் அறுந்து தரையில் உருண்டு ஓடுகிறது. அவர் அதைத் துரத்திப் பிடிக்க முயல்கிறார். மனமிரங்கிய அதிகாரி 100 ரூபிள் கொடுத்து, கையையும் குலுக்குகிறார். அந்த 100 ரூபிளைவிட அந்தக் கைகுலுக்கலே தமக்குப் பெரிது என்று தேவுஷ்கின் எழுதுகிறார். நன்றியில் நெகிழ்ந்த அந்த வரிகளைப் படிக்கும்போது மனம் கனக்கிறது. தாம் மனிதர் என்பதற்குச் சான்றளிக்கும் உரிமை அந்த அதிகாரிக்கே உண்டு என்பதைத் தேவுஷ்கின் ஒருபோதும் ஐயுறவில்லை.

1864இல் வந்த ‘நிலவறைக் குறிப்புகள்’ இந்தப் பார்வையின் உச்சம். அதில் பேசுபவன் எட்டாம் படியில் ஓய்வுபெற்றவன், படித்தவன், தன் நோவைத் தானே கூறுபோட்டுப் பார்க்கத் தெரிந்தவன். மதுக்கடையில் பில்லியர்ட்ஸ் மேசையருகே வழியை மறித்து நின்ற அவனை ஒரு படையதிகாரி தோளைப் பிடித்து, ஒரு சொல்கூடப் பேசாமல், ஏதோ நாற்காலியை நகர்த்துவதுபோல் நகர்த்திவிட்டுப் போய்விடுகிறான். அடித்திருந்தால்கூட மன்னித்திருப்பேன் என்று நிலவறை மனிதன் சொல்கிறான். கண்ணுக்கே தெரியாதவனாக நடத்தப்பட்டதுதான் அவனால் தாங்க முடியாதது. நெவ்ஸ்கி பெருஞ்சாலையில் அந்த அதிகாரிக்கு வழிவிடாமல் தோளோடு தோள் மோத வேண்டும் என்று அவன் ஆண்டுக்கணக்கில் திட்டமிடுகிறான். அதற்குத் தகுந்த தோற்றம் வேண்டும் என்பதால், கோட்டின் ரக்கூன் கழுத்துப்பட்டியை மாற்றி பீவர் விலங்கின் தோல் போலத் தெரியும் மலிவான ஒன்றை வாங்குகிறான். அதற்கும் பணம் போதாமல் அலுவலகத் தலைவரிடம் கடன் கேட்கிறான். ஒரு வழியாக மோதியும் விடுகிறான். அதிகாரி திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அவன் கவனிக்காததுபோல் நடித்தான் என்று நிலவறை மனிதன் தன்னைத் தேற்றிக்கொள்கிறான். பழிவாங்குவதற்குக்கூட எதிராளியின் உடைமுறையைக் கடன்வாங்கி உடுத்த வேண்டியிருக்கிறது என்பதில்தான் இந்த நாவலின் கொடுமை இருக்கிறது. பின்னர், தன்னைவிடவும் கீழே தள்ளப்பட்ட லிசா என்ற பெண் அவனிடம் அன்போடு வரும்போது, தான் பெற்ற அவமானம் அனைத்தையும் அவள்மீது இறக்கிவைக்கிறான். அவமதிக்கப்பட்டவன் அதனாலேயே நல்லவனாகிவிடுவதில்லை என்பதைத் தஸ்தயெவ்ஸ்கி மறைக்கவில்லை.

‘குற்றமும் தண்டனையும்’ 1866இல் வந்தது. ரஸ்கோல்னிகோவின் மனநிலையைப் பற்றிப் பேசுபவர்கள் அவனுடைய கொள்கையைப் பற்றியும் காய்ச்சலைப் பற்றியும் பேசுகிறார்கள். அவனைச் சுற்றியிருக்கும் காகிதங்களைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. கட்டணம் செலுத்த வழியின்றிச் சட்டப் படிப்பை விட்டவன் அவன். தந்தையின் வெள்ளிக் கடிகாரத்தை அடகுக்காரி அல்யோனாவிடம் கொண்டுபோகும்போது, அவள் ஒன்றரை ரூபிள் மதிப்புப் போட்டு, ரூபிளுக்கு மாதம் 10 கோபெக் வட்டியை முன்கூட்டியே பிடித்துக்கொண்டு, பழைய கடனின் வட்டியையும் கழித்து, ஒரு ரூபிள் 15 கோபெக் கையில் கொடுக்கிறாள். வீட்டுக்காரிக்கு அவன் எழுதிக்கொடுத்த 115 ரூபிள் கடன்பத்திரம் கைமாறி, காவல் நிலையத்துக்குப் போய்விட்டது. அந்த அடகுக்காரியைக் கொலை செய்த மறுநாள் காலையில் அவனைக் காவல் நிலையத்துக்கு அழைக்கும் ஓலை இந்தக் கடனுக்காகவே வருகிறது. அவனுடைய தாயின் ஓய்வூதியம் ஆண்டுக்கு 120 ரூபிள். அதன்மீதே கடன் வாங்கி மகனுக்கு அனுப்புகிறாள். தங்கை துனியா, லூஷின் என்ற வசதி படைத்தவனை மணக்கச் சம்மதித்திருப்பதாக அந்தத் தாய் எழுதும் நீண்ட கடிதம், என் கருத்தில், நாவலின் மிகக் கொடிய பகுதிகளில் ஒன்று. அதில் ஒரு கடுஞ்சொல்லும் இல்லை. முழுக்க முழுக்க அன்பு. உனக்காகத்தான் இதெல்லாம் என்று எங்கும் நேரடியாகச் சொல்லாமல் ஒவ்வொரு வரியும் அதையே சொல்கிறது. ரஸ்கோல்னிகோவ் அழுதுகொண்டே படிக்கிறான்; படித்து முடித்ததும், தங்கையின் திருமணத்துக்கும் மர்மெலாதோவின் மகள் சோனியாவின் விலைபோகும் வாழ்க்கைக்கும் என்ன வேறுபாடு என்று தன்னையே கேட்கிறான்.

சோனியாவின் நிலையும் ஒரு காகிதத்தால் வரையறுக்கப்பட்டதுதான். 1843 முதல் ரஷ்யாவில் பாலியல் தொழிலில் ஈடுபட்ட பெண்கள் காவல்துறையிடம் பதிவு செய்துகொண்டு, மருத்துவச் சோதனைக்கு உட்பட வேண்டும் என்ற முறை இருந்தது. அப்படிப் பதிவானவளுக்குத் தரப்பட்டதே மஞ்சள் சீட்டு. மகள் அந்தச் சீட்டை வாங்க நேர்ந்த நாளிலிருந்து குடும்பத்தோடு ஒரே வீட்டில் இருக்க முடியாமல் போனது என்று மர்மெலாதோவ் மதுக்கடையில் சொல்கிறார். யாருக்குச் சோறு போடுவதற்காக அவள் தெருவுக்குப் போனாளோ, அவர்களோடு வாழும் உரிமையை அந்தச் சீட்டு அவளிடமிருந்து பறித்துவிட்டது.

இவ்வளவையும் எழுதிய தஸ்தயெவ்ஸ்கி, கொலைக்குச் சூழலே காரணம் என்ற முடிவுக்கு வரவில்லை என்பதை நீங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். நாவலுக்குள்ளேயே ரஸ்கோல்னிகோவின் நண்பன் ரசுமீகின் அந்த வாதத்தை மறுத்துப் பேசுகிறான். 1873இல் ‘சூழல்’ என்ற தலைப்பில் எழுதிய கட்டுரையில், குற்றவாளிகளைச் சூழலின் பெயரால் விடுவித்துவிடும் ஜூரிகளைத் தஸ்தயெவ்ஸ்கி நேரடியாகவே கண்டித்தார். எல்லாம் சூழலால்தான் என்று சொல்வது மனிதனிடமிருந்து பொறுப்பை மட்டுமல்லாமல் அவனுடைய சுதந்திரத்தையும் பறித்துவிடும் என்பது அவருடைய நிலை. ரஸ்கோல்னிகோவும் சோனியாவிடம் வாக்குமூலம் தரும்போது, தாய்க்கு உதவுவதற்காகக் கொல்லவில்லை என்று ஒப்புக்கொள்கிறான். எல்லாரையும் போலத் தானும் வெறும் ஒரு பேன்தானா, அல்லது எல்லையைத் தாண்டத் துணிந்த மனிதனா என்று அறியவே கொன்றேன் என்கிறான். மருத்துவ விளக்கமும் நாவலில் வருகிறது: பின்னுரைப் பகுதியில், அன்று புதிதாகப் புழக்கத்துக்கு வந்திருந்த ‘தற்காலிகப் பைத்தியம்’ என்ற கோட்பாட்டை வைத்து நீதிமன்றம் அவனுடைய செயலை விளங்கிக்கொள்ள முயல்கிறது, தண்டனை எட்டு ஆண்டுக் கடுங்காவலாகக் குறைகிறது. ஆக, சூழல், நோய் என்ற இரு விளக்கங்களையும் ஆசிரியர் மேசைமீது வைக்கிறார். இரண்டுமே அவனை முழுமையாக விளக்கவில்லை என்றும் காட்டுகிறார். அழுத்தம் ஏன் வலிக்கிறது என்பதை நாவல் சொல்கிறது. அந்த வலியோடு அவன் செய்த தேர்வுக்கு அவனையே பொறுப்பாக்குகிறது.

இதை எழுதும் தகுதி அவருக்கு எப்படி வந்தது என்பதும் பொதுவெளியில் பதிவான வரலாறுதான். பெலின்ஸ்கி 1847இல் கோகோலுக்கு எழுதிய, பண்ணையடிமை முறையையும் திருச்சபையையும் சாடிய கடிதத்தை ஒரு நண்பர் வட்டத்தில் உரக்கப் படித்தார் என்பது தஸ்தயெவ்ஸ்கிமீது சாட்டப்பட்ட குற்றங்களில் ஒன்று. 1849 டிசம்பர் 22 அன்று பீட்டர்ஸ்பர்க்கின் செம்யோனோவ்ஸ்கி சதுக்கத்தில் அவரையும் தோழர்களையும் சுட்டுக்கொல்ல நிறுத்தி, கடைசி நிமிடத்தில் தண்டனை மாற்றப்பட்டதாக அறிவித்தார்கள். அதன் பிறகு ஓம்ஸ்க் சிறையில் நான்கு ஆண்டுகள். ஒரு கடிதத்தைப் படித்ததற்கே மரணதண்டனை என்ற நாட்டில், சமூகத்தைப் பற்றிய விவாதம் நாவலுக்குள் ஒதுங்கியதில் வியப்பில்லை.

டால்ஸ்டாயின் ‘அன்னா கரீனினா’ 1875 முதல் 1877 வரை தொடராக வந்தது. அதன் உலகம் முற்றிலும் வேறு. வறுமை இல்லை, பதவிக்காக ஏங்கும் எழுத்தர் இல்லை. அழுத்தம் அங்கே சட்டத்தின் வழியாகவும் வரவேற்பறையின் வழியாகவும் வருகிறது. மணவிலக்கு அன்று திருச்சபையின் அதிகாரத்தில் இருந்தது. பிறன்மனை உறவைக் காரணம் காட்டினால் சாட்சிகள் வேண்டும். குற்றவாளி எனத் தீர்க்கப்பட்டவர் மறுமணம் செய்ய முடியாது. கணவனின் ஒப்புதலின்றி மனைவி தனியாக வாழ்வதற்கான அடையாளச் சீட்டும் பெற முடியாது. இந்தச் சட்டம் எப்படி மனத்துக்குள் இறங்குகிறது என்பதற்கு ஓர் இடம் போதும்: கிராமத்து மாளிகைக்கு வரும் அன்னாவின் அண்ணி டாலியிடம், என் மகள் சட்டப்படி என் மகள் இல்லை, அன்னாவின் கணவர் கரீனினுடைய மகள் என்று அன்னாவின் காதலன் விரான்ஸ்கி சொல்கிறான். அன்னாவுக்கோ, மணவிலக்குக் கேட்பது என்றால் மகன் செரியோஷாவை என்றென்றைக்குமாக இழப்பது.

வரவேற்பறையின் சட்டம் எழுதப்படாதது. அதனால் இன்னும் நுட்பமானது. இளவரசி பெட்ஸிக்கும் காதலன் உண்டு. அவளை யாரும் ஒதுக்குவதில்லை. விரான்ஸ்கியின் தாய்கூட முதலில் மகனின் இந்த உறவை ஒரு துடிப்பான இளைஞனுக்குரிய அலங்காரமாகவே எண்ணி மகிழ்கிறாள். அவன் இதற்காகப் பதவி உயர்வை மறுத்தான் என்று கேள்விப்பட்ட பிறகே அவளுக்குக் கோபம் வருகிறது. உறவு வைத்திருப்பதை அந்தச் சமூகம் மன்னிக்கிறது. அதை உண்மையாக எடுத்துக்கொள்வதை மன்னிப்பதில்லை. இசைநாடக அரங்கில் பக்கத்து இருக்கைப் பெண்மணி அன்னாவை இழிவாகப் பேசிவிட்டு எழுந்து போகும் மாலையில், விரான்ஸ்கியால் அதே அரங்கில் எல்லாரோடும் பேசிக்கொண்டு நடமாட முடிகிறது. ஒருவருக்குத் திறந்திருக்கும் கதவு மற்றவருக்கு மூடியிருக்கிறது. அவன் வெளியே போகும் ஒவ்வொரு முறையும் அவளுடைய பொறாமை வளர்வதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. உறங்குவதற்கு அவள் மார்ஃபின் மருந்தை நாடுகிறாள். பேசும்போது கண்களைச் சுருக்கும் புதிய பழக்கம் அவளிடம் வந்திருப்பதை டாலி கவனித்து, தன் வாழ்க்கை முழுவதையும் பார்த்துவிடாமல் இருக்கவே அவள் கண்களைச் சுருக்குகிறாள் என்று உணர்கிறாள். மனத்தைப் பற்றி இவ்வளவு நுணுக்கமாக எழுதப்பட்ட வரிகள் உலக இலக்கியத்தில் குறைவு.

ஆனால் அன்னாவைவிடக் கரீனின் பகுதிதான் உங்கள் கேள்விக்கு நெருக்கமானது என்று நினைக்கிறேன். பிரசவத்துக்குப் பின் அன்னா சாகும் நிலையில் கிடக்கும்போது, அந்த இறுகிய அதிகாரி முதல் முறையாக உண்மையான இரக்கத்தை உணர்கிறார். மனைவியையும் விரான்ஸ்கியையும் மன்னிக்கிறார். தமக்குப் பிறக்காத குழந்தையை அன்போடு பார்த்துக்கொள்கிறார். அந்த அமைதி நீடிக்கவில்லை. தம் உள்ளத்தை நடத்தும் நல்ல ஆற்றலோடு, அதைவிட வலிய, முரட்டுத்தனமான வேறோர் ஆற்றலும் தம் வாழ்க்கையை நடத்துகிறது, அது தம்மை இப்படி அமைதியாக இருக்க விடாது என்று அவர் உணர்கிறார். ஏமாற்றப்பட்ட கணவன் மன்னித்து வாழ்வது அவருடைய உலகத்தில் கேலிக்குரியது. மன்னிக்கத் தெரிந்த ஒரு மனிதரை மன்னிக்க விடாமல் தடுப்பதே சமூக அழுத்தத்தின் மிக மோசமான வேலை என்று எனக்குத் தோன்றுகிறது. பிற்பகுதியில் அவர் மணவிலக்கை மறுப்பதும், அதுவும் ஓர் ஆவியுலகப் பித்தலாட்டக்காரனின் தூக்கப் பேச்சைக் கேட்டு மறுப்பதும், இந்தத் தோல்வியின் நேர் விளைவு.

அதே நாவலில், காதலித்தவளையே மணந்து, குழந்தையும் நிலமும் நலமும் பெற்ற லெவின், தூக்கு மாட்டிக்கொண்டுவிடுவோமோ என்ற பயத்தில் கயிற்றை ஒளித்துவைக்கிறான்; துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வெளியே போவதைத் தவிர்க்கிறான். சமூகம் அவனை ஒன்றும் செய்துவிடவில்லை. சாவுக்கு முன் வாழ்வுக்கு என்ன பொருள் என்ற கேள்வி மட்டுமே அவனை அப்படி ஆக்குகிறது. ஆகவே எல்லா வேதனையையும் சமூகத்தின் கணக்கில் எழுதுவதற்கு டால்ஸ்டாயும் இடம் தரவில்லை. 1886இல் வந்த ‘இவான் இலியிச்சின் மரணம்’ குறுநாவலில் இரண்டும் சேர்ந்துகொள்கின்றன: 45 வயதில் சாகும் நீதிபதியின் இறப்புச் செய்தியைக் கேட்டதும் சக நீதிபதிகள் யாருக்கு எந்தப் பதவி கிடைக்கும் என்று எண்ணுகிறார்கள்; அவரோ படுக்கையில், உடல் வலியைவிட, எல்லாரும் சேர்ந்து நடத்தும் பொய்யால் அதிகம் வதைபடுகிறார். தாம் குற்றம்சாட்டப்பட்டவர்களைப் பார்த்த அதே பார்வையில் மருத்துவர் தம்மைப் பார்ப்பதை அவர் கண்டுகொள்கிறார்.

இந்த இலக்கியத்தின் குறை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். மனத்தின் ஆழங்கள் பெரும்பாலும் பிரபுக்களுக்கும் எழுத்தர்களுக்கும் மாணவர்களுக்குமே தரப்பட்டன. 1861இல்தான் பண்ணையடிமை முறை ஒழிந்தது; அதுவரை விற்கவும் வாங்கவும்பட்ட மக்களின் மனம் அரிதாகவே உள்ளிருந்து எழுதப்பட்டது. துர்கனேவின் ‘முமு’ கதையில் செவிடும் ஊமையுமான பண்ணையடிமை கெராசிம், எஜமானியின் கட்டளைக்காகத் தன் ஒரே துணையான நாயைத் தன் கையாலேயே நீரில் மூழ்கடிக்கிறான். அவன் என்ன நினைத்தான் என்று துர்கனேவ் சொல்வதில்லை. கோகோலுக்கு அஞ்சலிக் குறிப்பு எழுதியதற்காக 1852இல் காவலில் வைக்கப்பட்டிருந்தபோது அவர் எழுதிய கதை அது.

அடிமை வழிவந்த ஒருவர் உள்ளிருந்து எழுதியது செகாவின் காலத்தில்தான். அவருடைய தாத்தா தம் குடும்பத்தின் விடுதலையை விலைகொடுத்து வாங்கியவர். தன்னிடமிருந்து அடிமையைத் துளித்துளியாகப் பிழிந்து வெளியேற்றும் ஓர் இளைஞனைப் பற்றிக் கதை எழுதும்படி, 1889இல் பதிப்பாளர் சுவோரினுக்கு எழுதிய கடிதத்தில் செகாவ் சொல்கிறார். அந்த இளைஞன் யார் என்பதில் ஐயமில்லை. 1883இல் அவர் எழுதிய ‘ஓர் எழுத்தரின் மரணம்’ கதையில், நாடக அரங்கில் முன்வரிசையில் இருந்த ஓர் உயரதிகாரியின்மீது தும்மிவிட்ட செர்வியாக்கோவ், மன்னிப்புக் கேட்டுக் கேட்டே அவரைச் சினமூட்டி, அவருடைய ஓர் அதட்டலில் வீட்டுக்கு வந்து படுத்து இறந்துபோகிறான். அந்த அதிகாரி அவனுடைய துறையைச் சேர்ந்தவர்கூட இல்லை, முதலிலேயே மன்னித்தும்விட்டார். கதை நகைச்சுவையாகத்தான் படிக்கப்படுகிறது, ஆனால் அச்சுறுத்துபவரே தேவைப்படாத அளவுக்கு அச்சம் ஒருவனுக்குள் வேரூன்றிவிட்ட நிலையை இதைவிடச் சுருக்கமாக யாரும் எழுதவில்லை. 1888இல் வந்த ‘தூக்கம்’ கதையில், 13 வயது வேலைக்காரச் சிறுமி வார்க்கா, இரவும் பகலும் உறங்கவிடாத வீட்டில், தொட்டில் குழந்தையைத் தன் உறக்கத்துக்கு எதிரியாகக் காணும் மயக்கநிலை, ஒரு மருத்துவரின் துல்லியத்தோடு எழுதப்பட்டிருக்கிறது.

சகாலின் தீவின் கைதிகளை 1890இல் நேரில் கண்டு திரும்பிய பிறகு, 1892இல் செகாவ் வெளியிட்ட ‘ஆறாவது வார்டு’ உங்கள் கேள்விக்கு நேராகவே பதில் தருகிறது. மருத்துவமனையின் மனநோய்ப் பிரிவில் இருக்கும் குரோமோவுக்கு யாரோ தன்னைப் பிடித்துக்கொண்டு போகப்போகிறார்கள் என்ற நோய். அது தொடங்கியது, விலங்கிடப்பட்ட கைதிகளைத் தெருவில் அழைத்துப்போவதைக் கண்ட நாளில். ஒரு நீதிமன்றத் தவறு யாரையும் அப்படி ஆக்கிவிடலாமே என்ற, முற்றிலும் நியாயமான எண்ணத்தில். அவனோடு உரையாடுவதில் இன்பம் கண்ட மருத்துவர் ராகின் மெல்ல ஐயத்துக்கு ஆளாகிறார். நகர மன்றத்தில் ஒரு குழு அவரை உட்காரவைத்து, இன்று என்ன தேதி, ஆண்டுக்கு எத்தனை நாள், ஆறாவது வார்டில் ஒரு தீர்க்கதரிசி இருப்பது உண்மையா என்று கேட்கிறது. அவருடைய இடத்துக்குக் காத்திருக்கும் இளைய மருத்துவர் கோபதோவும் அந்தக் குழுவில் இருக்கிறார். கடைசியில் ராகின் அதே வார்டில் அடைக்கப்பட்டு, காவலாளி நிக்கிதாவின் அடிபட்டு, மறுநாள் இறக்கிறார். குரோமோவ் நோயாளிதான், செகாவ் அதை மறுக்கவில்லை. ஆனால் யார் நோயாளி என்று எழுதிக் கையெழுத்திடும் அதிகாரம் எந்தக் கைகளில் இருக்கிறது, அந்தக் கைகளுக்கு அதில் என்ன ஆதாயம் என்ற கேள்வியை அவர் நோய்க்குப் பக்கத்திலேயே வைத்துவிடுகிறார்.

எங்கே தொடங்குவது என்றால், ‘மேல்கோட்டு’ கதையையும் ‘ஏழை மக்கள்’ நாவலையும் அடுத்தடுத்துப் படியுங்கள்; ஒன்றுக்கு மற்றொன்று மறுமொழி. ‘குற்றமும் தண்டனையும்’, ‘நிலவறைக் குறிப்புகள்’ ஆகியவை எம்.ஏ. சுசீலாவின் மொழிபெயர்ப்பிலும், ‘அன்னா கரீனினா’ நா. தர்மராஜன் மொழிபெயர்ப்பிலும் தமிழில் கிடைக்கின்றன. ‘ஆறாவது வார்டு’ கதையை இவற்றுக்குப் பிறகு எடுத்துக்கொள்ளுங்கள். ரஸ்கோல்னிகோவின் வழக்கில் நீதிமன்றம் எட்டிய முடிவை நினைவில் வைத்துக்கொண்டு அந்த நகர மன்றக் காட்சியைப் படித்தால், இரண்டு ஆசிரியர்களும் எங்கே ஒன்றுபடுகிறார்கள், எங்கே பிரிகிறார்கள் என்பது உங்களுக்கே புலப்படும்.